இருபது என்று எழுதாதவள்

ஜூன் 3

அன்புள்ள மிளகாய்க்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால், "ஏன், நலமில்லாமல் போகணும்னு ஆசையா?" என்று திருப்பிக் கேட்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் கத்துகிறாய். அதனால்தான் மாணவிகளை உன் வார்டுக்குக் கூட்டி வரும் வண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் மேல் எரிந்து விழாதே, பாவம். எனக்காகத் தபால்காரர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் முதல் தேதி எங்கள் நர்சிங் பள்ளியில் புது வகுப்பு ஆரம்பம். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. ஒருத்தி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள், பெயரைக் கேட்டதற்கே அழுதுவிட்டாள். ஒரு பையன், "ரத்தமெல்லாம் பார்க்கணுமா மேடம்?" என்றான். பின்னே, பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டா ஊசி போடுவாய் என்று கேட்டேன். அவன் அப்பா என்னை முறைத்தார். அப்படி நடுங்கிக்கொண்டு வருகிறதுகள், டி.

வரவேற்புப் புத்தகம் ஒன்று அச்சடிக்கிறோம். கடைசிப் பக்கத்தில், வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும். எனக்கு உன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை. ஹாஸ்டலில் நான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின போதெல்லாம் மூட்டையைப் பிரித்துப் போட்டவள் நீ. எனக்குக் கொடுத்த தைரியத்தை அவர்களுக்கும் கொடு.

ஒரே ஒரு வேண்டுகோள். கோபப்படாமல் எழுது. முயல் விஷயத்தை இதில் இழுக்காதே. அது முடிந்து போன கதை.

என்றும் உன்,
நெட்டை

*

ஜூன் 6

அன்புள்ள நெட்டைக்கு,

"மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். ஒரே வாளியில் துணி அலசியவளுக்கு அவ்வளவு மரியாதை எதற்கு என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

முடிந்து போன கதையா? யாருக்குடி முடிந்தது? உனக்கு முடிந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு முடிந்தது. அந்தப் பெண் ஏப்ரலிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எப்படி முடியும்?

நீ வசதியாக மறந்திருப்பாய், அதனால் நானே சொல்கிறேன். உன் இரண்டாம் வருட மாணவி அவள். தட்டு கீழே விழுந்தால் துள்ளுவாள், டாக்டர் தும்மினால் துள்ளுவாள், அதனால் நாங்கள் எல்லோரும் முயல் என்று கூப்பிட்டோம். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் மூச்சை எண்ணி எழுதச் சொன்னார்கள். ஸ்டாஃப் நர்ஸ் அவளிடம், "என்னத்த எண்ணிட்டு நிக்கப் போற? இருபதுன்னு போட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போ" என்றாள். முயலும் பயந்து இருபது என்று எழுதிவிட்டாள். முந்தின நாள் காலை, மதியம், ராத்திரி எல்லாவற்றுக்கும் மேலே இருபதுதான் இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் யார் மூச்சு விட்டாலும் இருபதுதான். விடாதவனுக்கும் அதையே எழுதுவார்கள் போலிருக்கிறது.

ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து பெரியவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு முழு நிமிடம் நின்று எண்ணினாள். முப்பத்திரண்டு. எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள், பக்கத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினாள், சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டூட்டி டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டரின் கையை! அந்த முயல்! பெரியவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பீர்கள். பெரியவரின் மகள் தையல்காரி, வாயுள்ளவள். "ராத்திரி பூரா எங்கப்பா இழுத்துக்கிட்டுத்தான் கிடந்தாரு. நீங்க எப்படி இருபதுன்னு எழுதினீங்க?" என்று கேட்டுப் புகார் கொடுத்தாள். உடனே பெரிய டாக்டர் கண்டுபிடித்தார், சார்ட்டில் அடித்துத் திருத்தியவள் மாணவி, எனவே சார்ட்டைக் கெடுத்தவள் மாணவி என்று. நீ இடைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாய். அவள் மூச்சை எண்ணிய நாளிலிருந்தே நான் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கன்னம் வீங்கிக் கிடந்தேன். நீ கையெழுத்துப் போட்ட மறுநாள் பெரிய டாக்டர் அறையில் போய்க் கத்தினேன். "அன்னைக்கு நீங்க வார்டுல இருந்தீங்களா சிஸ்டர்?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். பிடுங்கின பல்லை விட அது வலித்தது.

கோபப்படாமல் எழுதச் சொன்னாய். முயன்றேன். பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

உன்,
மிளகாய்

*

(இணைப்பு)

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு,

பயமாக இருக்கிறதா? நல்லது. பயமே இல்லாதவள் கையில் ஊசியோடு என் வார்டுக்குள் வந்தால் எனக்குத்தான் பயமாக இருக்கும்.

சாப்பிடாமல் டூட்டிக்கு வராதே. நீ மயங்கி விழுந்தால் படுக்க வைக்க இங்கே காலிக் கட்டில் கிடையாது. ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கு, சாயங்காலம் உன் கால் உன் காலாக இருக்காது. அழுகை வந்தால் துணி அடுக்கும் அறைக்குப் போய் அழு. பாத்ரூமில் அழாதே, வெளியே வரிசை நிற்கும்.

கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே செய். நடுக்கம் நின்ற பிறகு செய்யலாம் என்று நினைத்தால் நோயாளி அதுவரை காத்திருக்க மாட்டார்.

ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் அவரிடம் பேசு. நினைவில்லாமல் கிடந்தாலும் பேசு. மலச்சட்டி எடுக்கும்போது முகத்தைச் சுளிக்காதே, அவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல். திட்டுவார்கள். திட்டு வாங்கியதால் எந்த நர்ஸும் செத்ததில்லை, தெரிந்த மாதிரி நடித்ததால் நோயாளி செத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. மூச்சை எண்ணு. எண்ணாமல் இருபது என்று எழுதாதே. எல்லோரும் எழுதுவார்கள். உன் சீனியர் எழுதுவாள், உன்னையும் எழுதச் சொல்வாள். நீ எண்ணு. எண்ணியதற்காகச் சில சமயம் உன்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போதும் எண்ணு.

*

ஜூன் 9

மிளகாய்க்கு,

உனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன், கதவைச் சாத்திவிட்டு. குமாஸ்தா கதவைத் தட்டி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

உனக்கு ஒரு வார்டு. கத்துவாய், கத்திவிட்டு மாத்திரை ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். எனக்கு மூன்று வருடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரி கதவைச் சாத்தினால் ஒருத்தியும் நோயாளியைத் தொட்டுப் படிக்க முடியாது. பெரிய டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். "உங்க பொண்ணு பக்கம் நின்னீங்கன்னா, உங்க வண்டி இந்த கேட்டுக்குள்ள வராது." ஒருத்திக்காக எல்லோரையும் நடுத்தெருவில் நிறுத்தச் சொல்கிறாயா? நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல். சொல்லத் தெரியாது. திட்டத்தான் தெரியும்.

உன் பக்கத்தைக் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன். "பயம் வேண்டாம், அன்பும் புன்னகையும் இருந்தால் எல்லாம் எளிது" என்று ஆரம்பிக்கிறது. பாத்ரூமையும் மலச்சட்டியையும் எடுத்துவிட்டேன், பெற்றோர் படிப்பார்கள். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும்.

இப்போது நல்ல செய்தி. நான் சும்மா இருக்கவில்லை, டி. நடையாய் நடந்து கெஞ்சியிருக்கிறேன். பெரிய டாக்டர் இறங்கி வந்திருக்கிறார். முயல் ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் போதும்: "பதற்றத்தில் தவறாக எண்ணி, சார்ட்டைத் திருத்திவிட்டேன், மன்னிக்கவும்." போட்டால் முதல் தேதி அவள் வகுப்பில் உட்காரலாம். போடாவிட்டால் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார். தட்டச்சு செய்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் போனால் அவள் வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள். உன் பேச்சை அவள் கேட்பாள். நீ போய் வாங்கி வா.

நெட்டை

*

ஜூன் 11

நெட்டைக்கு,

அன்பும் புன்னகையும்! நீ முதல் நாள் வார்டில் கிட்னி ட்ரேயில் வாந்தி எடுத்தாயே, அப்போது யாராவது வந்து, "புன்னகை செய் பாப்பா, எல்லாம் எளிது" என்று சொல்லியிருந்தால் அந்த ட்ரேயை அவர்கள் தலையில் கவிழ்த்திருக்க மாட்டாயா? பயந்து வரும் பிள்ளையிடம் பயம் வேண்டாம் என்று சொல்வதைப் போல வெட்டிப் பேச்சு வேறு இல்லை. அவள் ஏற்கெனவே பயந்துவிட்டாள். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் நடத்துகிறாய்?

அந்தத் தாளைப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. தவறாக எண்ணினாளா? அவள் ஒருத்திதான் அந்த வார்டில் எண்ணினாள்! மற்றவர்கள் தவறாகக்கூட எண்ணவில்லை, எண்ணவே இல்லை.

சார்ட்டைத் திருத்தினாளாம். எழுத்தில் தப்பு வந்தால் வெள்ளை மை பூசாதே, கிறுக்கி மறைக்காதே, ஒரே கோடு போடு, கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு. இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கரும்பலகையில் எழுதிக் காட்டி, வருடா வருடம் இதில் ஒரு கேள்வி கேட்பது யார்? நீ சொன்னபடி செய்தாள் என்பதற்காக நீயே அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். இந்த அநியாயத்தை உன்னால்தான் செய்ய முடியும், வேறு யாருக்கும் அதற்கான தகுதி கிடையாது.

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாய். "இந்தக் கோடு நான் போடச் சொன்ன கோடு" என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தாளை அவளிடம் எடுத்துக்கொண்டு போகிறேன். வாங்கி வருவதற்காக அல்ல. அவள் படிப்பை நானும் நீயும் கடிதத்தில் பேரம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அவள் வாழ்க்கை, அவளே படித்துப் பார்க்கட்டும்.

மிளகாய்

*

ஜூன் 14

மிளகாய்,

முதல் தேதிக்கு முன்னால் தாள் என் கைக்கு வர வேண்டும். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப் போகாது. தயவு செய்து அவளைப் போடச் சொல். பிடிவாதத்துக்குப் படிப்பைப் பலி கொடுக்க வேண்டாம் என்று சொல்.

நெ.

*

ஜூன் 23

நெட்டைக்கு,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு.

மூன்றாவது மாடி. ஏறுவதற்குள் என் முழங்கால் என்னைத் திட்டியது. முயல்தான் கதவைத் திறந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரிக் கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் நான் குடையை மடக்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். தாளை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் பேனாவை எடுத்து மகள் கையில் திணித்தார்.

"போடும்மா. ஒரு வரிதானே? போட்டுட்டு வேலையப் பாரு."

"நான் தப்பா எண்ணலப்பா."

"எண்ணினியோ எண்ணலையோ, யாருக்கு வேணும்? படிச்சு முடி. வேலைக்குப் போ. அப்புறம் நியாயம் பேசலாம். நான் தினம் பஸ்ல எத்தனை பேருகிட்ட செய்யாத தப்புக்கு சாரி சொல்றேன் தெரியுமா? செத்தா போயிட்டேன்?"

அம்மா சமையலறை வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க" என்றாள். நீயும் அதைத்தானே சொன்னாய், அவளைப் போடச் சொல் என்று. நான் வாயைத் திறக்கவில்லை, நெட்டை. போடு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. போடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, போகப் போவது என் படிப்பு அல்ல. என் வாழ்க்கையில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நாள்தான். நீ நம்ப மாட்டாய்.

முயல் தாளை மேஜையில் வைத்தாள். அவள் கை நடுங்கியது, பேனா மூடி கழன்று கீழே விழுந்தது, அதற்கும் ஒரு துள்ளல். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சிஸ்டர், நான் இதுல கையெழுத்துப் போட்டா, அந்தத் தாத்தா அன்னைக்கு இருபதுதான் மூச்சு விட்டாருன்னு ஆயிடுமா?"

"தாள்ல அப்படித்தான் ஆகும்மா" என்றேன்.

"அப்ப அடுத்த தடவை யாராவது எண்ணினா, அவங்களையும் தப்பும்பாங்க."

அப்பா ஏதோ கத்த வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நடுங்கிக்கொண்டே குனிந்தாள். நீ தட்டச்சு செய்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அழுத்தாமல், அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் எழுதினாள்: "எண்ணினேன். முப்பத்திரண்டு." கையெழுத்து. தேதி. பிறகு பேனாவை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதாள். அப்பா பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். என்னை வாசல் வரை வழியனுப்ப வரவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

தாளை இணைத்திருக்கிறேன். நீ கேட்டாய், வந்துவிட்டது. அதில் அவள் கையெழுத்தும் இருக்கிறது.

என்ன செய்வாயோ செய். பெரிய டாக்டரிடம் காட்டி அவள் பெயரை எடுத்தாலும் எடு. ஆனால் ஒன்று. உன் புன்னகைப் பக்கத்தை அச்சடிப்பதாக இருந்தால் அதன் கீழே என் பெயரைப் போடாதே. டிரைவரிடம் இனி எதுவும் கொடுத்தனுப்பாதே. நாம் இருவரும் ஒரே நாளில்தான் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டோம். நீ அதை எப்போது கழற்றினாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மிளகாய்

*

ஜூன் 30

மிளகாய்க்கு,

எதுவும் கொடுத்தனுப்பாதே என்றாய். டிரைவர், "அந்தம்மா என் மேல பாய்வாங்க மேடம்" என்று தயங்கினார். பாய்ந்தால் என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

தாள் ஒரு வாரமாக என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கோடு ஒன்றுதான். அடியில் இருப்பது படிக்கிறது. பக்கத்தில் கையெழுத்து, தேதி. பரீட்சைத் தாளாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். யார் இந்தக் கோடு போடச் சொல்லிக் கொடுத்தது என்று பெரிய டாக்டர் கேட்டால், நான்தான் என்று சொல்லப் போகிறேன். நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார். தாளோடு வரச் சொல்லியிருக்கிறார். தாளோடுதான் போகிறேன்.

இடைநீக்கத்தை ரத்து செய்து முயல் வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. அந்த இடைநீக்கத்தைப் போட்டது என் கையெழுத்து, எடுக்கவும் அது போதும். நாளை வண்டி அவள் தெரு வழியாகத்தான் வரும். அதற்குப் பிறகு அந்த வண்டியை கேட்டுக்குள் விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. விடாவிட்டால் மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாக்களெல்லாம் என் வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது நீ வந்து என் பக்கத்தில் நின்று கத்த வேண்டும். உன் தொண்டை ஒரு நாளாவது எனக்குப் பயன்படட்டும்.

உன் பக்கத்தை நீ எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், கடைசிப் பத்தியோடு. பாத்ரூமும் மலச்சட்டியும் அப்படியே இருக்கின்றன. ஷூ வரியை மட்டும் திருத்தினேன். ஒரு அளவு பெரிதாகத் தேவையில்லை, அரை அளவு போதும். உனக்கு அவ்வளவு வீங்குகிறது என்றால் அது டூட்டியால் அல்ல, யாரிடமாவது காலைக் காட்டு. எல்லோர் மூச்சையும் எண்ணுகிறவள் உன் உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

உன் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. வெள்ளை உடுப்பைக் கழற்றியதாக எழுதினாயே, அதை நான் லேசில் மறக்க மாட்டேன். நேரில் பார்க்கும்போது அதற்கு இருக்கிறது உனக்கு.

கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நாளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

உன்,
நெட்டை